மேலண்ணத்துக் கருப்பு

எனக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்தபோது எங்கள் தெருவில் யாரும் என்னைப் பாராட்டவில்லை. அம்மாவைப் பாராட்டினார்கள். "உன் வாக்கு பலிச்சிருச்சுக்கா" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு மட்டும் சிரித்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா வெல்டர். தன் பெயரை மட்டும் எழுதுவார். அம்மாவுக்குப் பெருவிரல்தான். நான் வேதியியல் படித்து, பி.எட். முடித்து, தாளாளர் முன்னால் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டி வாங்கிய வேலை அது. அதன் பெருமை அம்மாவின் வாய்க்குள் இருந்த ஒரு கருப்புக்குப் போய்ச் சேர்ந்தது. இதை எந்தப் பட்டதாரி பொறுத்துக்கொள்வாள்?

அந்தக் கருப்பைக் கண்டுபிடித்தது பக்கத்துத் தையல் கடை அக்கா. அவனியாபுரத்தில் பட்டறைகள் நிறைந்த எங்கள் தெருமுனையில் அம்மா காலையில் இட்லிக் கடை போடுவாள். கடை முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு அக்காவின் கடைக்குள் போய் மின்விசிறிக்கு அடியில் கொஞ்ச நேரம் இருப்பது வழக்கம். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். விடுமுறையில் நானும் அங்கே இருந்தேன். அம்மா நின்றபடி செம்பை உயர்த்தி அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். கீழே இருந்து நிமிர்ந்து பார்த்தவளுக்கு அம்மாவின் மேல்வாய் முழுவதும் தெரிந்திருக்கிறது.

"ஏக்கா, கொஞ்சம் வாயத் தொற."

"எதுக்குடி? ஈ கீ போயிருச்சா?"

"தொறங்கிறேன்ல."

அம்மா திறந்தாள். அக்கா கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மேலண்ணத்துல கருப்பு இருக்குக்கா. மை வச்ச மாதிரி. நாக்குல இருந்தாலே சொன்னது பலிக்கும்பாக. உனக்கு மேல இருக்கு. நாக்கு எங்குட்டுப் பொரண்டாலும் அதத் தொட்டுட்டுத்தானே பேசணும்? அப்ப அதோட சத்து எம்புட்டு இருக்கும்!"

"அடி போடி. அப்படிப் பாத்தா இம்புட்டு வருசமா நான் வஞ்சதெல்லாம் பலிச்சிருக்கணுமே. உங்கண்ணே இன்னும் உசுரோடதானே அலையிறாரு."

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் சிரித்து முடித்த பிறகு அம்மா நாக்கால் மேல்வாயைத் தடவிப் பார்த்தாள். அதை நான் கவனித்தேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தற்செயல்தான் என்று நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். இட்லி சாப்பிட வந்த லோடு ஆட்டோக்காரரிடம் "டயரு மொழுக்குன்னு இருக்கு, இன்னைக்குப் போகாதீக" என்றாள் அம்மா. அவர் போனார், டயர் வெடித்தது. மொழுக்கென்று இருந்த டயர் வெடிக்காமல் என்ன செய்யும்? அக்காவின் நாத்தனாருக்குப் பெண் பிறக்கும் என்றாள், பிறந்தது. பையன் பிறந்திருந்தால் யாரும் அதை நினைவு வைத்திருக்கப் போவதில்லை. இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னால், "நீ படிச்ச புள்ள, நீ இப்படித்தான் சொல்லுவ" என்று என் வாயை அடைத்துவிடுவார்கள்.

தை பிறக்கப் போகிற சமயத்தில் ஜல்லிக்கட்டுக்குக் காளை வளர்க்கிறவர்கள் வந்தார்கள். "அக்கா, நம்ம காள வாடிய விட்டு வந்தா எவன் கையிலயும் சிக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க." அவர்கள் போன கையோடு மாடு பிடிக்கிற பையன்கள் வந்து உட்கார்ந்து, "எங்க கையில ஒரு காளையாச்சும் சிக்கும்னு சொல்லுங்கக்கா. கட்டில் பரிசு வந்தா உங்களுக்குத்தான்" என்றார்கள். அம்மா ரெண்டு தரப்புக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "மாடும் நல்லாருக்கட்டும், மனுசனும் நல்லாருக்கட்டும். இன்னும் ரெண்டு இட்லி வைக்கவா?"

இதில் அம்மாவிடம் ஒரு மாற்றம் வந்தது. அவள் வைவதை நிறுத்தினாள். எங்கள் தெருவில் அம்மாவின் வசவுக்குப் பயப்படாத ஆள் இல்லை. இப்போது பால்காரர் தண்ணீர்ப் பாலை ஊற்றினாலும், "நீ நாசமா..." என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தி, மூச்சை இழுத்து, "...நல்லாப் போய்ட்டு வா" என்று முடிப்பாள். பால்காரர் வசவு வாங்கியதைவிட அதிகமாகப் பயந்து போவார். அப்பா ஒருநாள் என்னிடம், "உங்கம்மா வையிற வரைக்கும் வீட்டுக்குள்ள இருக்கிறது தெரியும். இப்ப எங்க இருக்கான்னு தேட வேண்டியிருக்கு" என்றார்.

நான் ஒரு தடவைகூட அந்தக் கருப்பைப் பார்க்கவில்லை. பார்ப்பதே அதற்கு மரியாதை கொடுப்பது போல என்று நினைத்தேன். நம்பியவர்கள் அடிக்கடி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். நம்பாத நான் பார்க்காமலே இருந்தேன். இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. இதில் எது அறிவு என்று எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது.

போன ஆண்டு அம்மாவுக்கு இடப்பக்கத்து மேல்பல் ஆடத் தொடங்கியது. நான்தான் பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாய்க்குள் விளக்கைக் காட்டிவிட்டுப் பல்லை விட்டுவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெத்தலை, புகையிலை போடுவீங்களாம்மா?"

"சீ, அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது."

"இந்தக் கருப்பு எவ்வளவு நாளா இருக்கு?"

"அது பொறவியிலயே இருக்கு" என்றாள் அம்மா. ரேஷன் கடையில் முகவரி கேட்டால் சொல்கிற மாதிரி, அத்தனை உறுதியாக.

பிறவியிலேயே இருந்தால் பயம் இல்லை, ஆனாலும் பல் ஏன் ஆடுகிறது என்று தெரிய வேண்டும் என்று சொல்லி ஒரு எக்ஸ்ரே படம் எடுத்து வரச் சொன்னார். வெளியே வந்ததும் நான் கேட்டேன்.

"பிறவியிலயே இருக்குன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? உன் வாய்க்குள்ள நீயே பாத்திருக்க மாட்டியே."

"பெறகு? நடுவுல வந்த கருப்புக்கு எவடி மதிப்புக் குடுப்பா? பொறவியில இருந்தாத்தான் அது வாக்கு."

அவள் பொய் சொல்லவில்லை. அப்படி இருந்தால்தான் சரியாக வரும் என்பதால் அப்படித்தான் இருக்கிறது என்று நம்பியிருக்கிறாள். நான் நேராகத் தையல் கடைக்குப் போனேன். முதல் நாளிலிருந்து அதைப் பார்த்து வந்த ஆள் அவள் ஒருத்திதான்.

"மொதல்ல பாத்தப்ப சுண்டு வெரல் நகம் அளவுதான் இருந்துச்சு" என்றாள் அக்கா, சந்தோஷமாக. "இப்பப் பெருசாயிருச்சு. ஒரு ஓரத்துல மேடு தட்டியிருக்கு. வாக்கு கூடக் கூட அதுவும் வளருதுன்னு நான் உங்கம்மாகிட்டக்கூடச் சொன்னேன்." என் முகத்தைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "ஏன், என்னவாம்?"

மறுநாள் பல் மருத்துவரிடம் அதைச் சொன்னேன். அவர் படத்துக்காகக் காத்திருக்கவில்லை. புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் பெயரைச் சொல்லி உடனே போகச் சொன்னார். அங்கே ஒரு துணுக்கு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று அறுவை மருத்துவர் என்னை முன்னால் உட்கார வைத்துப் பேசினார். அம்மா வயதுப் பெண்மணி, மெதுவாகப் பேசுகிறவர். அம்மா என் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இது மெலனோமா. நிறமி உண்டாக்குற செல்லுல வர்ற புற்றுநோய். தோல்ல வரும். சில பேருக்கு வாய்க்குள்ள, மூக்குக்குள்ள இருக்கிற சவ்வுலயும் வரும். அது அபூர்வம்."

மெலனின் எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் நான் நடத்துகிற பாடம். அது நம் தோலை வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது, அதனால் கருப்பாக இருப்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை என்று மேசையைத் தட்டிச் சொல்வேன். கரும்பலகைக்கு முன்னால் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. அந்தப் பழக்கத்தில், "வெயில்ல நின்னு இட்லி சுட்டதாலயா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

"மேலண்ணத்துல எங்கேம்மா வெயில் படுது?"

"அப்ப எதனால வந்துச்சு?"

"தெரியலை. வாய்க்குள்ள வர்றதுக்குக் காரணம் யாருக்கும் சரியாத் தெரியலை."

காரணம் தெரியாது என்று ஒரு மருத்துவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்று மாலை கைப்பேசியில் தேடினேன். வந்த படமெல்லாம் வெள்ளைக்காரர்களின் முதுகும் கன்னமும். வெயிலில் படுக்காதீர்கள், களிம்பு தடவுங்கள் என்று எழுதியிருந்தது. என் அம்மாவுக்கு இதில் எந்த வரி பொருந்தும் என்று தேடித் தேடிப் பார்த்தேன். கண்டுபிடித்த வரிகள் நன்றாக இல்லை. உடனே மூடிவிட்டேன். பிறகு திறந்து மறுபடி அதையே படித்தேன்.

செய்ய வேண்டியதை மருத்துவர் அங்கேயே விளக்கியிருந்தார்: இடப்பக்கத்து மேலண்ணத்தையும் அந்தப் பக்கத்துப் பற்களையும் எடுக்க வேண்டும். கழுத்தில் சந்தேகப்படும்படி இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும். வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் விழுகிற ஓட்டையை அடைக்க, பல்செட் மாதிரி ஒரு தட்டு செய்து மாட்டுவார்கள். அது இல்லாமல் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும், பேச்சும் மூக்கு வழியாகப் போகும். பிறகு கதிர்வீச்சு.

"எடுத்தா சரியாயிருமா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"எடுக்கிறதுதான் முதல் வழி. கதிர்வீச்சு அதே இடத்துல திரும்பி வராம இருக்க உதவும். வேற இடத்துல வராதுன்னு அது உறுதி தராது. நுரையீரல், கல்லீரல்னு போகலாம். நல்லா இருக்கிறவங்களும் இருக்காங்க. சீக்கிரம் திரும்பி வந்தவங்களும் இருக்காங்க. உங்கம்மா எந்தப் பக்கம்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது."

"எடுக்கலேன்னா?"

"அது வளரும். சாப்பிட முடியாது, ரத்தம் வரும். அதுல எனக்குச் சந்தேகம் இல்லை."

கெட்டதில் மட்டும் உறுதியாக இருக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. என் வகுப்பில் ஒரு மாணவி இப்படிப் பதில் எழுதினால் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முடியாது என்றாள். சொந்தக்காரர்கள் அவள் பக்கம் நின்றார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்றார்கள். நாட்டு மருந்து கொடுக்கும் ஒருவரின் பெயரைச் சொன்னார்கள். அதையெல்லாம் நான் வாதாடி முறியடித்துவிடுவேன், அதற்காகத்தான் படித்திருக்கிறேன். அம்மா சொன்ன காரணம்தான் என்னை நிறுத்தியது. கடைப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ படிச்ச. உன்னைய டீச்சருங்கிறாக. எனக்கு என்னடி இருந்துச்சு? இட்லிக்காரி. சட்னி தண்ணியா இருக்குன்னு சொல்லத்தான் என்னையக் கூப்புடுவாக. இது வந்த பெறகுதான் என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு நாலு பேரு வாராக. அத வெட்டிப் போட்டுட்டு, மூக்கால பேசிக்கிட்டு, நான் எதுக்கு இருக்கணும்?"

அது புற்றுநோய், வாக்கு இல்லை என்று சொல்லலாம். சொன்னேன். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள்.

அப்பா அடுத்த பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "உன் வாக்கப் பாத்தா நான் உன்னையக் கட்டினேன்?" என்றார். "அதெல்லாம் ஊருக்கு. நீ மூக்கால வஞ்சாலும் எனக்கு வெளங்கும்."

"உங்களுக்கு வாயால வஞ்சே இம்புட்டு நாளா வெளங்கல" என்றாள் அம்மா. ஆனால் பாத்திரத்தைத் தேய்க்கிற கை நின்றுவிட்டது.

எப்படியோ சம்மதிக்க வைத்து மறுபடி கூட்டிக்கொண்டு போனோம். சம்மதம் அல்ல அது. டாக்டரிடம் தானே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லித்தான் வந்தாள். உட்கார்ந்ததும் கேட்டாள்.

"நல்லாயிரும்னு ஒரு வார்த்த சொல்லுங்க தாயி. நான் வந்து படுத்துக்கிறேன்."

சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார்.

"அந்த வார்த்தையை மட்டும் என்கிட்ட கேக்காதீங்கம்மா. நான் சொல்லி, அது நடக்கலேன்னா, அதை நான்தான் தூக்கிட்டு அலையணும். என்னால முடிஞ்ச வரைக்கும் சுத்தமா எடுத்துக் குடுப்பேன். அது வரைக்கும்தான் என் பேச்சு."

அவ்வளவுதான், எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வருகிற புது ஆள் எத்தனை இட்லி சாப்பிடுவார் என்று அளப்பது போன்ற பார்வை. பிறகு, "சரி. நாளச் சொல்லுங்க" என்றாள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவளை நிறுத்திக் கேட்டேன். "ஏம்மா, அவங்கதான் சொல்ல முடியாதுன்னுட்டாங்களே?"

"அதான். அந்தம்மாவுக்கு வாக்கு இருக்குடி. அதனாலதான் பாத்துப் பாத்துப் பேசுது. ஒண்ணுமில்லாதவதான் எதையும் அள்ளி விடுவா. எனக்குத் தெரியாதா?"

நான் எதற்காகக் கோபப்பட்டேனோ அதற்காகவே அம்மா அவரை நம்பினாள். என் தர்க்கம் தோற்று, அவளுடைய நம்பிக்கை சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அறுவை நீண்ட நேரம் நடந்தது. வெளியே வந்த அம்மாவின் இடது கன்னம் உள்வாங்கியிருந்தது. கழுத்தில் தையல், மூக்கில் குழாய். முடிவு வந்தபோது, எடுத்த பகுதியின் ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன என்றார் மருத்துவர். நான் அங்கேயே அழுதுவிட்டேன். சுத்தம் என்றால் சுத்தம்தானே? "நல்ல செய்திதான்" என்றார் அவர். "ஆனா கழுத்துல எடுத்த ஒரு நெறிக்கட்டியில இது இருந்திருக்கு." நல்லதையும் கெட்டதையும் ஒரே மூச்சில் சொன்னால் அழுத கண்ணை என்ன செய்வது?

குழாயை எடுத்த பிறகு அம்மா கேட்ட முதல் பொருள் தண்ணீர். பழக்கதோஷத்தில் தம்ளரைத் தூக்கி அண்ணாந்துவிட்டாள். தற்காலிகத் தட்டு சரியாக உட்காரவில்லை. தண்ணீர் அப்படியே மூக்கு வழியாக வந்து மூச்சுத் திணறியது. அதற்குப் பிறகு உதட்டில் வைத்து, தலையைக் குனிந்து குடிக்கக் கற்றுக்கொண்டாள். எச்சில் பண்ணிக் குடிக்கிறவர்களைக் கடையில் எத்தனை பேச்சுப் பேசியிருப்பாள். "நானும் எச்சித் தம்ளர் சாதியாயிட்டேன்" என்று மூக்கால் சொன்னாள். அப்பாதான் முதலில் சிரித்தார்.

கதிர்வீச்சில் வாயெல்லாம் புண்ணாகி, ருசி போய்விட்டது. சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்டுத்தான் கடையை மறுபடி திறந்தாள். கட்டியில் ஒரு வகை மரபணு மாற்றம் இருந்தால் அதற்கு மாத்திரை உண்டு என்று சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. ஒரு கோளாறு இருந்தால் நல்லது, இல்லையென்றால் நல்லதில்லை என்பது போலக் கேட்டது எனக்கு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ஊசியைப் பற்றியும் மருத்துவர் சொன்னார். தோலில் வருகிற மெலனோமாவில் அது பலருக்கு நன்றாக வேலை செய்கிறதாம். வாய்க்குள் வருவதில் அத்தனை நிச்சயம் இல்லையாம். தேவை வரும்போது பேசலாம் என்றார். தேவை வருமா என்று நான் கேட்கவில்லை.

புதுத் தட்டு வந்ததும் பேச்சு தெளிந்தது. அன்று கடைக்கு வந்த தையல் கடை அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இனிமே ஒண்ணும் பலிக்காதாக்கா?"

"அதத்தான் வெட்டி எடுத்துக் குப்பியில போட்டுட்டாகளே. பெறகு எங்கிட்டுப் பலிக்கிறது?"

சொல்லிவிட்டு அம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். அப்போது பால்காரர் வந்தார். கேனைத் திறந்து பார்த்தாள். பிறகு தொடங்கினாள். அவர் பாட்டன் முதல் வண்டிச் சக்கரம் வரை ஒன்றையும் விடவில்லை. இத்தனை வருடம் பாதியில் விழுங்கிய வசவெல்லாம் வரிசையாக வந்தது. பால்காரர் கேனைக் கையில் வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டு நின்றார். அப்பா பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் விஷயம் தெரியாமல் ஆள் வரத்தான் செய்தது. வாடிப்பட்டியிலிருந்து ஒரு பெண், மகளின் பரீட்சைக்கு ஒரு வார்த்தை கேட்டு பஸ் ஏறி வந்திருந்தாள். "நான் ரிட்டயர்டு ஆயிட்டேன்த்தா" என்றாள் அம்மா. "இந்தா, இது டீச்சரு. இவள்ட்ட கேளு, எப்படிப் படிக்கணும்னு சொல்லுவா." அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஏமாற்றத்தை மறைக்கக்கூட இல்லை. நான் பாடவாரியாக எப்படிப் படிப்பது என்று சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிவிட்டு, எழும்போது அம்மாவிடம், "இருந்தாலும் ஒரு வார்த்த..." என்றாள். "நல்லா எழுதுவா, போ" என்றாள் அம்மா, சும்மா.

பயமில்லாமல் பேசத் தொடங்கியவள் தன்னைப் பற்றியும் பேசினாள். ஒருநாள் பருப்பு வாங்கி வந்த பையைப் பார்த்துவிட்டு, "இம்புட்டு எதுக்குடி? அடுத்த பொங்கலுக்கு நான் இருக்க மாட்டேன், நீங்க ரெண்டு பேரும் தின்னு தீக்கவா போறீக?" என்றாள்.

"வாய மூடும்மா!" என்று கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீதான் நம்ப மாட்டியே."

நம்பவில்லைதான். அப்படியென்றால் எதற்காகக் கத்தினேன்? அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அதே மூச்சில், 'நல்லாத்தான் இருப்பேன்' என்று அவள் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்று தோன்றியது. கேட்க நாக்கு வரை வந்தது. பருப்பை டப்பாவில் கொட்டினேன்.

போன வாரம் மறுபடி ஸ்கேன் படம் எடுத்தார்கள். அம்மா வெளியே குழாயடியில் தட்டைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது என்னை மட்டும் கூப்பிட்டார்கள்.

"வாயில ஒண்ணும் இல்லை. கழுத்துலயும் இல்லை" என்றார் மருத்துவர். நான் மூச்சு விடுவதற்குள், "நுரையீரல்ல சின்னதா ஒரு புள்ளி தெரியுது" என்றார். "பழைய சளியோட தழும்பா இருக்கலாம். இந்த நோயாவும் இருக்கலாம். பழைய படத்துல அந்த இடம் சரியா விழலை. இவ்வளவு சின்னதுல ஊசி வச்சு எடுக்க முடியாது. கொஞ்ச நாள் விட்டு இன்னொரு படம் எடுப்போம். வளர்ந்திருந்தா அந்த ஊசி மருந்தைப் பத்திப் பேசுவோம்."

"எதுவா இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?"

"நினைக்கிறதைச் சொல்ல மாட்டேன்."

பஸ் நிறுத்தத்தில் அம்மா கேட்டாள். "என்ன சொன்னாக?"

வழியெல்லாம் வாக்கியம் செய்துகொண்டே வந்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. "இன்னும் தெரியலையாம்மா" என்றேன்.

"தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. அதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க?"

முழுவதையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

"அந்தப் புள்ளி கருப்பா இருக்கா?"

"படத்துல வெள்ளையா இருக்கும்மா."

"வெள்ளையாவா?"

"அந்தப் படத்துல எதுவா இருந்தாலும் வெள்ளையாத்தான் தெரியுமாம்."

அம்மா அதை யோசித்தாள். எனக்கும் யோசிக்க அது ஒன்றுதான் இருந்தது. அப்போது அப்பா கைப்பேசியில் கூப்பிட்டார். "என்ன சொன்னாக?" என்று அவர் கேட்டார். கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்தேன்.

"ஒரு புள்ளி இருக்காம்" என்றாள் அம்மா, இரைச்சலுக்கு மேலே சத்தமாக. "என்ன புள்ளின்னு அவுகளுக்கே தெரியலையாம். திரும்பப் படம் புடிக்கணுமாம். சோத்த வடிச்சு வைங்க, நாங்க வாரோம்."

அப்பா எதிர்முனையில் ஏதோ கேட்டார். பஸ் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அம்மா என் பக்கம் பார்க்காமல் "ம்" என்றாள். அவர் மறுபடி கேட்டதில் 'நல்லாயிரும்ல?' என்பது மட்டும் என் காதில் விழுந்தது. இந்தத் தடவை அம்மா கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு "ம்" சொன்னாள்.